கொதிநீரில் போட்டுப் பார்த்த பதிவு

இன்று காலை உன் மகள் நஸ்ரின் ஆம்பூரிலிருந்து எனக்கு ஒரு ஜோடி ஷூ கொண்டுவந்தாள். பெட்டியைத் திறந்ததும் புதுத் தோலின் வாசனை அறை முழுக்கப் பரவியது. நீ அங்கிருந்து வேலைக்கு ரயிலில் வந்து இறங்கும்போது உன் சட்டையிலும் இதே வாசனைதான் இருக்கும்.

வேலூரில் ஒரே மேசையில் நாம் செய்த வேலையை எந்த உறவினருக்கும் விளக்க முடிந்ததில்லை. உடம்பில் ஒரு புரதம் உருவான பிறகு அதன் சில இடங்களில் பாஸ்பேட் போன்றவை வந்து ஒட்டுகின்றன. அதைப் பொறுத்தே அது வேலை செய்யும். மரபணுவில் ஓர் எழுத்து மாறினால் அந்த இடமே அழிந்துபோகலாம். எந்த மாற்றம் எந்த இடத்தைக் கெடுக்கிறது என்று ஆய்வுக் கட்டுரைகளைப் படித்துத் தரவுத்தளத்தில் பதிவதுதான் நம் உத்தியோகம்.

"தோலும் புரதம்தான் தோஸ்த். எங்க அப்பா குரோம் உப்பு ஏத்தி அதைக் கெடாம பண்றாரு. நாம இன்னா பண்றோம்? உக்காந்து எழுதினுகிறோம்" என்பாய்.

உன் அப்பாவின் தொழிற்சாலையில் ஒரு வழக்கம். பதனிட்ட தோலில் ஒரு துண்டை வெட்டிக் கொதிக்கும் தண்ணீரில் போடுவார்கள். சுருங்கினால், பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும், பதம் வரவில்லை. அந்த வழக்கத்தை நீ நம் மேசைக்குக் கொண்டுவந்தாய். கணினியின் கணிப்பை நம்பி எதையாவது 'தீங்கு' என்று பதியப் போனால், "தண்ணில போட்டியா?" என்பாய். சோதித்துக் காட்டிய கட்டுரை இருக்கிறதா என்று பொருள். பெரும்பாலும் இருக்காது. ஆகவே பல மாற்றங்கள் 'விளைவு தெரியவில்லை' என்ற பிரிவில், தாலுகா ஆபீஸ் மனுக்களைப் போல, நிம்மதியாகக் கிடந்தன.

பிறகு உன் இதயத் தசை பலவீனமானது. இதயப் புரதம் ஒன்றில் பாஸ்பேட் ஒட்டும் இடம் உனக்கு மாறியிருந்தது. நலமாக இருந்த நஸ்ரினுக்கும் அதே மாற்றம். 'தீங்கு' என்று உறுதியானால் துடிப்பு தவறினால் மீட்கும் கருவியை அவள் நெஞ்சில் இப்போதே பொருத்திவிடலாம் என்றார்கள் மருத்துவர்கள். அவர்கள் பார்த்தது நம் தரவுத்தளத்தை. அதிலோ, 'விளைவு தெரியவில்லை'.

"மாத்திடலாம்பா. ஆதாரமா நீயே எதிர்ல உக்காந்திருக்கியே" என்றேன்.

மூச்சு வாங்கச் சிரித்தாய். "எனக்கு வந்துச்சு, சரி. இதனாலதான் வந்துச்சுன்னு எவன் பாத்தான்? தண்ணில போட்டியா?"

"உன் பொண்ணுய்யா!"

"அதனாலதான் சொல்றேன். பேஜார் பண்ணாம அடுத்த பேப்பரை எடு."

அந்தப் பதிவை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டாய். உன் ஜனாஸா தொழுகைக்கு வந்த தொழிற்சாலைக்காரர் ஒருவர் நீ பார்த்த வேலை என்னவென்று கேட்டார். "கம்ப்யூட்டர்" என்றேன். திருப்தியாகத் தலையாட்டினார்.

போன மாதம் அந்த இடத்தைச் சோதித்துக் காட்டிய கட்டுரை வந்தது. அங்கே பாஸ்பேட் ஒட்டாவிட்டாலும் புரதம் தன் வேலையைக் குறையில்லாமல் செய்கிறது. மருத்துவர்கள் சேமித்து வைத்திருந்த உன் ரத்தத்தை மறுபடி ஆராய்ந்தார்கள். உன் நோய்க்குக் காரணம் வேறொரு மரபணுவில் இருந்தது. அது நஸ்ரினுக்கு இல்லை.

"'தீங்கில்லை'ன்னு போட்டுட்டீங்களா அங்கிள்?" என்று இன்று காலை நஸ்ரின் கேட்டாள்.

போட்டுவிட்டேன். அதற்கு முன் கட்டுரையின் சோதனைகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். நல்ல செய்தி என்பதாலேயே கூடுதலாகச் சந்தேகப்பட்டேன். இந்தப் பழக்கம் நீ கொடுத்துப்போனது. இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். சுருங்கவில்லை.