சேலைத் தலைப்பில் ஒரு கிளிப்

அத்தானுக்கு,

ரிமோட் விமான கிளப்பில் பொம்பளைகளைச் சேர்க்கமாட்டார்கள் என்று எட்டு வருசமாகச் சொன்னீர்கள். போன வாரம் அக்கரை பட்டர்வொர்த் போய் நானே கிளப்பில் சேர்ந்துவிட்டேன். செயலாளருக்கு ஒரே சந்தோசம். "இங்க சேர்ந்த மொத லேடியையும் உங்க வீட்டுக்காரருதான் கூட்டிட்டு வந்தாரு லா," என்றார். யாரென்று நான் கேட்கவில்லை.

உங்கள் அலைவரிசையிலேயே எனக்கும் விமானத்தை இயக்கும் ரேடியோ ஒன்று வாங்கிவிட்டேன். இரண்டையும் ஒன்றாகத் திறந்தால் விமானம் விழுந்துவிடுமாம். அதனால் கிளப் பலகையில் அந்த அலைவரிசைக்கு இருக்கும் ஒரே கிளிப்பை யார் முதலில் எடுக்கிறாரோ, அவர்தான் பறக்கவிடலாம்.

உங்கள் ஞாயிற்றுக்கிழமைச் சட்டைப் பையில் இதை வைத்துவிட்டு முதல் ஃபெரியில் போகிறேன். நீங்கள் வரும்போது கிளிப் என் சேலைத் தலைப்பில் இருக்கும். எனக்குப் பறக்கவிடத் தெரியாது, கற்றுக்கொள்ள அவசரமுமில்லை. சாயங்காலம் வரை உட்கார்ந்திருப்பேன்.

கிளிப் வேண்டுமென்றால், அவளையே வந்து என்னிடம் கேட்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
இந்தச் சட்டையைத் தேய்த்தவள்