கௌரியின் பெயர்

செவ்வாய், இரவு.

மாரண்டஹள்ளி நாற்றுப் பண்ணையிலிருந்து என் மனைவி கௌரி வெறுங்கையோடு வந்தாள். தக்காளி நாற்றுக்குப் போன மாதமே பதிந்திருந்தோம்.

“கம்ப்யூட்டர்ல உங்க பேரே இல்லீங்கன்னு சொல்லிட்டாங்க. ஓட்டி வெச்ச நெலம் அப்படியே கெடக்குது” என்றாள், செருப்பைக்கூடக் கழற்றாமல்.

ஒரு கம்ப்யூட்டர் நிரல் மொழியோடு சேர்ந்தே வரும் அடிப்படை நூலகத்தை, அதாவது ஆயத்த நிரல்களின் தொகுப்பை, நாங்கள் சிலர் எழுதுகிறோம். யாரும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம். பண்ணைக்காரர்களும் அதை வைத்துத்தான் பெயர் தேடுகிறார்கள். இரண்டு சொற்கள் ஒன்றா என்று பார்க்கும் பகுதி என்னுடையது.

பண்ணைக்குப் போன் செய்து எங்கள் பதிவை அனுப்பச் சொன்னேன். பெயர் இருந்தது. ஆனால் ‘கௌ’ ஓரெழுத்தாக இல்லை. ‘கெ’ அடித்துப் பக்கத்தில் ‘ள’ அடித்திருந்தது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். என் நிரலுக்கு வேறு வேறு ஆள்.

போன வாரம் யாரோ நூலகத்தின் புகார்ப் பக்கத்தில் இதே குறையை எழுதியிருந்தார். “நூலகத்தில் பிழையில்லை, டைப் அடித்தவர் பிழை” என்று ஒரே வரியில் பதில் போட்டுப் புகாரை மூடிவிட்டேன். அது இப்போதும் சரிதான். இரண்டையும் ஒன்றாக்கினால், ‘கெ’யும் ‘ளு’வும் தனித்தனியாகவே வரவேண்டிய ஒகேனக்கல் கெளுத்தி மீனின் பெயர் கெட்டுப்போகும்.

நாளைக்கு நாற்று தருகிறார்களாம். உறுத்துவது அதுவல்ல. நாற்றுக்குப் பதிந்த படிவத்தைப் போனில் நிரப்பியது நான். கல்யாணமான நாளிலிருந்து அவள் பெயரை இப்படித்தான் அடித்து வந்திருக்கிறேன்.

படுக்கும்போது, “யாரு தப்பாம்?” என்று கேட்டாள்.

“டைப் அடிச்சவங்க தப்பு.”

“அப்படிச் சொல்றவங்களுக்கென்ன, ஒரே வரியில சொல்லிட்டுப் போயிருவாங்க.”