பிறந்த நேரச் சீட்டு

விழுப்புரம்
12.6.2011

அன்புள்ள தம்பி தேவநாதனுக்கு,

நான் நம்பாத ஒன்றுக்கு நானே தவறான எண்ணைக் கொடுத்து, அதை நம்பிய ஒருவன் எட்டு வருஷம் அதன்படி நடந்திருந்தால், அந்த எட்டு வருஷத்துக்கு யார் பொறுப்பு? எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாமலே எழுதுகிறேன்.

போனில் என் குரலைக் கேட்டால் வைத்துவிடுவாய். அதனால்தான் தபால். கடைசிவரை படி.

நம் பாப்பா கலைப்பிரியா பிறந்த ஆஸ்பத்திரியை டாக்டரம்மா மூடப்போகிறார். 2001இல் அங்கே பிறப்புப் பதிவுக்கு ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தேன் அல்லவா, அதில் இருப்பதையெல்லாம் புதுக் கணினிக்கு மாற்றித் தரச் சொன்னார். மாற்றியபின் முதல் இரண்டு வருஷப் பதிவுகளைப் பிரசவ அறை நோட்டோடு ஒப்பிட்டேன். எல்லாம் சரியாக இருந்தது. பிறகு, இத்தனை நாளாகக் கொடுத்துவந்த பிறந்த நேரச் சீட்டுகளின் நகலோடு ஒப்பிட்டேன். சில சீட்டுகளில் நேரம் வேறாக இருந்தது.

அந்தப் புரோகிராமை ஜாவா மொழியில் எழுதியிருந்தேன். அதன் பெருமையே, ஒரு முறை எழுதினால் எந்தக் கணினியிலும் ஓடும் என்பதுதான். முதலில் அங்கே விண்டோஸ் இருந்தது. 2003 பொங்கல் முடிந்து வைரஸ் வந்து எல்லாம் படுத்துவிட்டது; பதிவுகளின் நகல் மட்டும் தப்பியது. நான் லினக்ஸ் குறுந்தகடுகளை எடுத்துக்கொண்டு விழுப்புரத்திலிருந்து பஸ் ஏறினேன். அது இலவசம், யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். என் புரோகிராமில் ஒரு வரிகூட மாற்றாமல் அதில் ஓடியது. அன்று எனக்கு இருந்த கர்வம் இப்போதும் நினைவிருக்கிறது.

லினக்ஸை ஏற்றும்போது, இந்தக் கணினி எந்த ஊரில் இருக்கிறது என்று ஒரு கேள்வி கேட்கும். ஐந்தே கால் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று அதற்குப் பதில் சொல்லாமல் தாண்டிவிட்டேன். கடிகாரம் வேறொரு நாட்டு நேரத்தைக் காட்டியது. சுவர்க் கடிகாரத்தைத் திருப்புவது போலக் கையால் திருப்பி வைத்துவிட்டு வந்தேன்.

ஜாவா நேரத்தை மணி, நிமிஷமாக வைத்துக்கொள்வதில்லை. ஒரே நீளமான எண்ணாக வைத்துக்கொண்டு, கேட்கும்போது கணினி இருக்கும் ஊருக்கு ஏற்ப மணியாக மாற்றிச் சொல்லும். அன்றைக்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்கு நேரம் சரியாகவே வந்தது. அதனால்தான் யாரும் கண்டுபிடிக்கவில்லை. அதற்கு முன்பு பிறந்து, பின்னால் வந்து சீட்டு வாங்கியவர்களுக்கு மட்டும் பல மணி நேரம் பின்னுக்குப் போய் அச்சாகியிருக்கிறது. அப்படி அறுபத்து மூன்று சீட்டுகள். அவற்றில் ஒன்று, கலைப்பிரியாவுக்கு ஒரு வயது நிறைந்ததும் ஜாதகம் எழுத நீ வாங்கிப்போனது.

அதைப் பார்த்துத்தான் விருத்தாசலம் ஜோசியர், பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது முடியும்வரை தகப்பனும் பிள்ளையும் ஒரே கூரையின் கீழ் இருக்கக் கூடாது, இருந்தால் பிள்ளையின் உயிருக்கு ஆகாது என்றார். நீ கிருஷ்ணவேணியையும் குழந்தையையும் பிரம்மதேசத்துக்கு அவள் அப்பா வீட்டுக்கு அனுப்பினாய். ஒரு காகிதத்தை நம்பிப் பிள்ளையை அனுப்புகிறாயே, முட்டாளா நீ என்று அப்பாவின் திவசத்தன்று எல்லார் எதிரிலும் கேட்டேன். அந்தக் காகிதம் என்னுடையது.

சரியான நேரம் என்னிடம் இருக்கிறது. எழுதக் கை வரவில்லை. எழுதினால் நீ நேரே ஜோசியர் வீட்டுக்குப் போவாய். அவர் நல்லது என்றால் பிள்ளையை அழைத்து வருவாய். கெட்டது என்றால் இன்னும் மூன்று வருஷம். இரண்டாவதுக்கும் நான் காரணமாக வேண்டுமா என்று யோசிக்கிறேன். மற்றவர்களுக்கு இந்த வாரமே கடிதம் அனுப்புகிறேன்.

உன் அக்கா,
பரிமளா


திண்டிவனம்
18.6.2011

அக்காவுக்கு,

உன்னை மாதிரி எனக்கு எழுத வராது. பேசுற மாதிரியே எழுதறேன்.

கடுதாசியை டிப்போவுல வெச்சுப் பிரிச்சேன். டிரைவர் கோதண்டபாணி, "இன்னா கண்டக்டரே, சாவு சேதியா?"ன்னு கேட்டான். இல்லடா, பொறப்பு சேதின்னேன்.

பாப்பா பொறந்த அன்னிக்கு ஆவணி அமாவாசை. எனக்கு மேல்மலையனூர் ஸ்பெஷல் டூட்டி. நான் வந்து பார்க்கறப்போ பொழுது சாஞ்சிடுச்சு. மத்தியானச் சங்கு ஊதுனதைக் கேட்டேன், அதுக்கப்புறம்தான் மயக்க மருந்து குடுத்தாங்கன்னு கிருஷ்ணவேணி அப்பவே சொன்னா. சீட்டுல காலையில ஆறு நாப்பதுன்னு இருந்துச்சு. "எங்க அக்கா போட்ட கம்ப்யூட்டர்டீ, அது தப்பா சொல்லுமா?"ன்னு நான்தான் அவ வாயை அடைச்சேன். என்னை முட்டாள்னு சொன்னியே, நான் நம்பினது ஜோசியரை மட்டும் இல்லக்கா.

எட்டு வருஷமா வாரா வாரம் பிரம்மதேசம் போறேன். தெருவுல நின்னுக்கினே பேசிட்டு வர்றேன். "அப்பா, நீங்க இன்னா தபால்காரரா? வாசலோடவே போயிடறீங்க"ன்னு போன வாரம் பாப்பா கேட்டா. மழை வந்தா குடையை எடுத்துக்கினு ஓடி வருவா. ஒரே குடையில நிக்கிறது ஒரே கூரை ஆகுமான்னு ஜோசியர்கிட்ட கேட்டேன். எதுக்கும் நிக்காதேன்னாரு. நான் நனைவேன். அவ குடைக்குள்ள இருந்து பார்த்துக்கினு இருப்பா.

நேத்து ஜோசியர்கிட்ட விஷயத்தைச் சொன்னேன். மத்தியானச் சங்கு ஊதிக் கொஞ்ச நேரத்துலதான் லக்னம் மாறுதாம். பாப்பா பொறந்தது அதுக்கு முன்னாடியா பின்னாடியா, நிமிஷத்தோட வேணும்னாரு. நோட்டு உங்கிட்ட இருக்குதுன்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க.

ஊர்ல இருக்கிற அறுபத்திரண்டு பேருக்கு நேரம் எழுதி அனுப்புவ. கூடப் பொறந்தவனுக்கு மட்டும் தர மாட்டியா? உனக்கு நம்பிக்கை இல்லன்னா அது வெறும் நம்பர்தானே. நம்பரைக் குடு. எனக்கு அது புள்ள உசுரு.

தேவநாதன்


விழுப்புரம்
26.6.2011

அன்புள்ள தேவாவுக்கு,

நீ கேட்டது நியாயம். அறுபத்திரண்டு பேருக்குக் கொடுக்கும்போது யோசிக்காதவள் உனக்கு மட்டும் யோசித்தேன். உன்னைத் திருத்துகிற உரிமை எனக்கு இருப்பதாக நினைத்துவிட்டேன் போலிருக்கிறது.

நேற்று பிரம்மதேசம் போனேன். கிருஷ்ணவேணி முறத்தில் மல்லாட்டைக் கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை.

"இப்பதான் தெரிஞ்சுதா அண்ணி? நான் சொன்னப்போ நீங்க இன்னா சொன்னீங்க, ஞாபகம் இருக்குதா?" என்றாள்.

எனக்கு நினைவில்லை. உண்மையாகவே இல்லை.

"மயக்க மருந்து குடுத்தவளுக்கு மணி எப்படித் தெரியும், மெஷினுக்கு மயக்கம் வராதுன்னீங்க. சிரிச்சிக்கினே சொன்னீங்க."

அவள் சொன்னதும் நினைவு வந்தது. திவசத்துக்கு முந்தின நாள், சமையற்கட்டில். தேவா, யார் எதைச் சொன்னாலும் ஆதாரம் கேட்பவள் நான். கல்லூரியில் பிள்ளைகளுக்கும் அதையே சொல்லிக்கொடுக்கிறேன். என் புரோகிராமிடம் மட்டும் ஒரு நாளும் கேட்டதில்லை. பிள்ளை பெற்றவள் வாய்விட்டுச் சொன்ன சாட்சியைத் தள்ளினேன். வருகிற தையில் எனக்கு ஐம்பது வயது.

நேரம் எழுதி ஒட்டிய கவரைக் காட்டி, இதை உனக்குக் கொடுக்கலாமா என்று அவளிடமே கேட்டேன்.

"குடுத்துடுங்க. அவரு புள்ள நேரத்தை வெச்சிக்கிறதுக்கு நீங்க யாரு? ஆனா ஒண்ணு சொல்லுங்க அவருகிட்ட. ஜாதகம் நல்லா இருக்குதுன்னு உள்ள வந்தாருன்னா, நாளைக்கு இன்னொருத்தர் இல்லன்னு சொன்னா மறுபடியும் தெருவுக்குப் போயிடுவாரு. எம்புள்ள அதைத் தாங்காது. வர்றதா இருந்தா கவரைப் பிரிக்காம வரச் சொல்லுங்க. பிரிச்சுட்டுத்தான் வருவேன்னா, பன்னண்டு முடியட்டும்."

பிறகு எனக்குச் சாப்பாடு போட்டாள்.

இதனுடன் அந்தக் கவர் இருக்கிறது. உள்ளே பிரசவ அறை நோட்டிலிருந்து எடுத்த நேரம், நிமிஷத்தோடு, டாக்டரம்மாவின் கையெழுத்துடன். பிரிப்பதும் பிரிக்காததும் உன் விருப்பம். நான் இனி இதில் ஒன்றும் சொல்லமாட்டேன்.

பரிமளா


திண்டிவனம்
30.6.2011

அக்காவுக்கு,

கவர் வந்துச்சு. சட்டைப் பையிலதான் இருக்குது. நேத்து ஜோசியர் வீட்டுத் தெரு முனையில பஸ்ஸை விட்டு இறங்கினேன். டீ குடிச்சிட்டு அடுத்த பஸ்ஸுல ஏறிட்டேன்.

ஞாயித்துக்கிழமை எனக்கு ஆஃப். பிரம்மதேசம் வர்றேன். உள்ள காலெடுத்து வெப்பேனான்னு இப்ப சொல்ல முடியல. நீ அங்க வந்து இரு.

மறுநாளும் இரு. எனக்கு திங்கக்கிழமை ஃபர்ஸ்ட் சிங்கிள் டூட்டி, விடியறதுக்குள்ள டிப்போவுல இருக்கணும். நான் உள்ள வந்தேன்னா, மறுநாள் பாப்பா எப்படி இருந்தான்னு நீ பார்த்து எழுது. கிருஷ்ணவேணிகிட்ட போன்ல கேட்டா நல்லா இருக்கான்னுதான் சொல்லுவா. நீ உள்ளதை உள்ளபடி எழுதுவ. திட்டறதா இருந்தாலும் எழுது.

தேவநாதன்


பிரம்மதேசம்
4.7.2011, திங்கள்

அன்புள்ள தேவாவுக்கு,

நேற்று நீ வாசற்படியில் நின்ற நேரத்தை நான் கடிகாரத்தில் பார்க்கவில்லை. பார்க்கத் தோன்றவில்லை. பாப்பா உன் கையைப் பிடித்து இழுக்கவில்லை என்பதை மட்டும் கவனித்தேன். உனக்கு ஒரு தட்டை வைத்துவிட்டு, தன் தட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அதன் பிறகுதான் நீ உள்ளே வந்தாய். சாப்பிடும்போது நீ மூன்று முறை கூரையை அண்ணாந்து பார்த்தாய்.

நீ கொடுத்த கவரைக் கிருஷ்ணவேணி அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருக்கிறாள். பிரிக்கவில்லை. நீ வந்து கேட்டால் கொடுப்பதாகச் சொல்கிறாள். உன்னோடு திண்டிவனத்துக்கு வருவதைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எட்டு வருஷத்தை ஒரு சாப்பாட்டில் அவள் மறந்துவிட்டதாக நீ நினைக்க வேண்டாம்.

எனக்கு இன்றும் ஜோசியத்தில் நம்பிக்கை இல்லை. ஆனால் நேற்றிரவு நானும் இரண்டு முறை எழுந்து பாப்பா பக்கத்தில் போய்ப் பார்த்தேன். எதற்காக என்று கேட்காதே.

நீ கேட்டபடி இன்றைக்கு நடந்ததை எழுதுகிறேன். நேரம் என் கைக்கடிகாரப்படி. காலையில் ரேடியோவோடு ஒப்பிட்டுச் சரிபார்த்துக்கொண்டேன்.

6.35க்குப் பாப்பா எழுந்தாள். முதலில் கேட்டது, "அப்பா போயிட்டாரா அத்தை?" போய்விட்டார் என்றேன். "மறுபடி உள்ள வருவாரா?" தெரியாது என்றேன். பல் விளக்கப் போனாள்.

7.50க்குக் கேப்பைக் கூழ் வேண்டாம் என்று அம்மாவிடம் சண்டை போட்டு, இரண்டு தோசை சாப்பிட்டாள்.

8.40க்குப் பள்ளிக்கூடம் போனாள். இந்த வருஷம் இன்னும் புத்தகம் கொடுக்காததால் பை லேசாக இருந்தது. தெருமுனைவரை நானும் போனேன்.

4.25க்குத் திரும்பி வந்தாள். இடது முழங்காலில் சிராய்ப்பு, ஒரு ரூபாய் அளவு, கொஞ்சம் ரத்தம். இதை எழுதாமல் விட்டுவிடுங்கள் என்றாள் கிருஷ்ணவேணி. உள்ளதை உள்ளபடி எழுதச் சொல்லியிருக்கிறாய், எழுதிவிட்டேன். கூடப் படிக்கும் பெண் தள்ளிவிட்டதாகப் பாப்பா சொன்னாள். விசாரித்ததில், முதலில் தள்ளியது இவள்தான். "எங்க அப்பா உள்ள வந்தாரு" என்று இவள் சொன்னதை அந்தப் பெண் நம்பவில்லையாம்.

மஞ்சள் வைத்தோம். எரிகிறது என்று கத்தினாள். பிறகு அதே காலோடு தெருவில் போய் 6.30வரை விளையாடினாள். ஏழேகாலுக்குச் சோறும் ரசமும். உன் தட்டை எடுத்து அதில்தான் சாப்பிட்டாள்.

8.45க்குத் தூங்கிவிட்டாள். இப்போது மணி 9.20. தூங்கிக்கொண்டிருக்கிறாள்.

உன் அக்கா,
பரிமளா