லைனிங் இல்லாத கோட்டு

அன்புக் கண்ணுக்கு,

இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம். அங்கே உன் இருமல் நின்றதா என்பதை முதலில் எழுது. போனில் கேட்டால் “அதெல்லாம் சரியாப் போச்சுப்பா” என்று சொல்லிக்கொண்டே இருமுகிறாய். காலையில் வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே, ஓடினால் எனக்குத் தெரியாது என்றும் நினைக்காதே. உன் அறை ஜன்னல் கொக்கியை மாற்றிவிட்டேன், காற்றடித்தால் இப்போது படபடப்பதில்லை. உன் கட்டில் மேல் அம்மாவின் கம்பளித் துணியும் நூல்கண்டும் குடியேறியிருக்கின்றன. நீ வரும்போது ஒதுக்கித் தருகிறேன் என்கிறாள், எனக்கு அவ்வளவாக நம்பிக்கை இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அணிவகுப்பு நல்லபடியாக நடந்தது என்று அம்மா உன்னிடம் ஒரே வரியில் சொல்லி முடித்தாள் இல்லையா, பக்கத்தில் உட்கார்ந்து நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். நடந்ததில் முக்கால்வாசியை விழுங்கிவிட்டாள், என் மானத்தைக் காப்பாற்றுவதற்காக. அதனால் நானே எழுதுகிறேன். நீ வேலைக்குப் போன அடுத்த வருஷம் அவள் அந்தக் குழுவில் சேர்ந்தது உனக்குத் தெரியும். இருநூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் ஊருக்கு வெளியே நடந்த சண்டையை, அந்தக் காலத்து உடுப்போடு வருஷத்துக்கு ஒரு தடவை நடித்துக் காட்டுகிறவர்கள். ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிறவளுக்கு இது என்ன வேண்டாத வேலை என்றுதான் நினைத்தேன். அதிலும் பேக்பைப், பையில் காற்றை நிரப்பி ஊதுகிற வாத்தியம். முதல் எட்டு மாதம் பையே கிடையாது, ஒரு சின்னக் குழல்தான், விரல் பழக. அப்புறம் பை வந்தது. மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்து, வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டார். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆஸ்பத்திரி கார் நிறுத்துகிற கீழ்த்தளத்தில் போய் ஊதிவிட்டு வருவாள். நம் சாவிக் கடைக்கு வருகிறவர்கள் “வீட்டுக்காரம்மாவ எங்க காணோம்” என்று கேட்டால், தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லியிருக்கிறேன். ஐந்து வருஷமாகச் சொல்லியிருக்கிறேன், இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

இந்த வருஷம்தான் அவள் முன்னால் போகவேண்டியிருந்தது. வழக்கமாக முன்னால் ஊதுகிற எலெக்ட்ரீஷியனுக்குக் குடலிறக்க ஆபரேஷன், ஆறு மாதம் ஊதக்கூடாது என்றுவிட்டார்கள். அம்மா ஊதினால்தான் அறுபது பேரும் காலெடுத்து வைக்க முடியும். அதற்காகக் கருநீலக் கம்பளியில் புதுக் கோட்டு, முழுக்கக் கையாலேயே. அந்தக் காலத்தில் மெஷின் ஏது, அதனால் கையால் தைத்ததைத்தான் போடவேண்டும் என்பது அவர்கள் சட்டம். நூலுக்கு மெழுகு தேய்த்து, அங்குலத்துக்குப் பத்துத் தையல், இருபத்திரண்டு காஜா. ஏழு மாதம் தைத்தாள். கடைசி வாரம் கட்டைவிரல் வீங்கி, தேநீர்க் கோப்பையைக்கூட இரண்டு கையாலும் பிடித்தாள், கோட்டின் இரண்டு கைக்கும் உள்ளே வைக்கிற லைனிங் துணி மட்டும் பாக்கி. எனக்கு மனசு கேட்கவில்லை. வியாழக்கிழமை அவள் வேலைக்குப் போனதும் கடையைப் பூட்டிவிட்டு வந்து, மெஷினில் ஒரு மணி நேரத்தில் இரண்டு லைனிங்கையும் அடித்துக் கோட்டோடு சேர்த்தும் வைத்துவிட்டேன். சாயங்காலம் சொன்னபோது, கையால் தைத்தேன் என்று வாய் கூசாமல் சொன்னேன். அவள் வெளியே தெரிகிற ஓரத்தை மட்டும் தடவிப் பார்த்தாள், அதைக் கையால்தான் மடித்துத் தைத்திருந்தேன். “இவ்ளோ நாளா இந்தத் திறமைய எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க” என்று கேட்டாள். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சந்தோஷத்தில் அந்தப் பாராட்டை வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஞாயிறு காலை மைதானத்துக்கு வெளியே கார்கள் நிற்கிற இடத்தில் உடுப்புச் சோதனை. சோதிக்கிறவர் ஒரு பல் டாக்டரம்மா, பல்லைப் பார்க்கிற அதே பூதக்கண்ணாடியை நெற்றியில் மாட்டிக்கொண்டு வருவார். அம்மாவின் காஜாவைப் பார்த்துவிட்டு மற்றவர்களையும் கூப்பிட்டுக் காட்டினார். அப்புறம் கோட்டுக் கையை உள்பக்கமாகத் திருப்பினார். அம்மாவும் குனிந்து பார்த்தாள், பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். முன்னால் போய், நான்தாங்க மெஷின்ல அடிச்சேன், அவளுக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன். கேப்டன் என்று எல்லோரும் கூப்பிடுகிற பேக்கரிக்காரர் சிரித்துக்கொண்டே, உள்ளே இருக்கிறதுதானே, யார் பார்க்கப் போகிறார்கள், நேரமாகிறது என்றார். டாக்டரம்மாவும் தலையாட்டினார். அம்மாதான் ஒத்துக்கொள்ளவில்லை. “போன வருஷம் தபால்காரரோட கால்சட்டைல மெஷின் தையல் இருந்துதுன்னு நான்தான் திருப்பி அனுப்புனேன். அவரு இங்கதான் நிக்கிறாரு. அவருக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணா?” என்றாள்.

தபால்காரர் அங்கேதான் நின்றார், இந்த வருஷம் கையால் தைத்த கால்சட்டையோடு. அவருக்கு உள்ளூரச் சந்தோஷமாக இருக்கும் என்று நான் எதிர்பார்த்தேன். மனுஷன் தன் தையல் பெட்டியைத் திறந்து சின்னக் கத்திரியை எடுத்து நீட்டி, “குடுங்க, ஒரு கைய நான் பிரிக்கிறேன்” என்றார். மடக்கு நாற்காலியில் எதிரெதிரே உட்கார்ந்து இருவரும் பிரித்தார்கள். அறுபது பேர் சுற்றி நிற்க, மைதானத்தில் ஜனம் காத்திருக்க, அரை மணி நேரம். அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. பிரித்த லைனிங் இரண்டையும் மடித்து என் கையில் கொடுத்தாள், பிடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்கிற மாதிரி சாதாரணமாக.

அப்புறம் ஊதினாள். இத்தனை வருஷம் அதைச் சுவருக்கு அப்பாலிருந்து துண்டு துண்டாகக் கேட்டவன் நான். அந்த வாத்தியத்தில் நடுவே நிறுத்த முடியாது, கண்ணு. மூச்சை எடுக்கிற நேரத்தில் முழங்கை பையை அழுத்திக்கொண்டே இருக்கவேண்டும், சத்தம் அறுந்தால் பின்னால் வருகிற அத்தனை காலும் தடுமாறும். தூறல், குளிர்காற்று, லைனிங் இல்லாத முரட்டுக் கம்பளி ஒவ்வொரு அழுத்தலுக்கும் கையை உரசியிருக்கும். ஒன்றரை கிலோமீட்டர், ஒரு இடத்தில்கூட அறுபடவில்லை. வழி ஒரு சரக்குக் கிட்டங்கிக்குப் பின்னால் திரும்பும்போது அவள் மறைந்துவிட்டாள், ஆனால் கடைசி வரிசைவரை கால்கள் ஒன்றாகவே விழுந்தன. ஓரமாக வந்த நானும், இந்த முட்டிவலிக் காலோடு, இடது வலது என்று சரியாக மிதித்துக்கொண்டிருந்ததைப் பாதி வழியில்தான் கவனித்தேன். பக்கத்தில் குடை பிடித்து வந்த ஒருவர், முன்னாடி போற அந்தம்மா யாரு என்று கேட்டார். என் சம்சாரம் என்று சொன்னேன். சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை, அதனால் இன்னும் பலமாக இரண்டாவது தடவையும் சொன்னேன்.

வரும்போது காரில் பெட்ரோல் பங்க் தாண்டும்வரை அவள் அந்த லைனிங்கை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள். அப்புறம், “ஒரு மணி நேரத்துல ரெண்டு கையுமா? கோணாமத்தான் அடிச்சிருக்கீங்க” என்றாள். கொஞ்ச தூரம் போனதும், “இப்பக் கையால தைங்க” என்றாள். வீட்டுக்கு வந்து அவள் கோட்டைக் கழற்றினபோது பார்த்தேன், மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை செக்கச்செவேலென்று தோல் வழன்றிருந்தது. மருந்து போட்டுவிட்டேன், இப்போது ஆறிவிட்டது, கவலைப்படாதே.

அன்றிலிருந்து தினமும் கடை மூடியதும் நான்தான் தைக்கிறேன். அரத்தால் சாவி ராவுகிற விரலுக்கு ஊசி எவ்வளவு சின்னது தெரியுமா. முதல் நாள் நாலு அங்குலம், அதைப் பார்த்துவிட்டுப் பிரித்துவிட்டாள். இரண்டாவது தடவையும் பிரித்தாள். நேற்று இடது கையை முடித்துக் கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்துத் தையலை எண்ணினாள், கையை நுழைத்து முழங்கையை மடக்கி நீட்டிப் பார்த்தாள். இந்தத் தடவை பிரிக்கவில்லை. கோட்டை ஹேங்கரில் மாட்டிவிட்டு, வலது கைக்கு நூல் வெட்டிக் கொடுத்தாள்.

வரும் ஞாயிறு போனில் புது மெட்டு ஒன்று வாசித்துக் காட்டப்போகிறாள். போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொள், ஆனால் பாதியில் சூப்பர் என்று சொல்லி முடித்துவிடாதே, கடைசிவரை கேள். நான் எழுதியதை அவளிடம் காட்டிக்கொள்ளவும் வேண்டாம். இருமலுக்கு டாக்டரைப் பார். எடுத்த காரியமெல்லாம் கைகூடி, நோய்நொடி இல்லாமல் நீ நூறு வருஷம் நன்றாக இருக்கவேண்டும், கண்ணு.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அப்பா