துணை இருக்கிறதா என்று விசாரித்தது

விருத்தாசலம்
18.6.2006

அன்பு மகள் சண்முகப்ரியாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உன் தங்கை பூர்ணிமாவும் சுகம், என் மானம் மட்டும் போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து படுத்த படுக்கையாகக் கிடக்கிறது. காரணம் நீதான். பூர்ணிமாவுக்கு வேப்பூர் மாணிக்கவேல் மகனைப் பேசி, நிச்சயத்துக்கு நாள் பார்க்கிற நேரத்தில் வெளிநாட்டிலிருந்து உன் கடிதம் வந்தது. உயிர் வாழக்கூடிய பூமியைத் தேடுவதற்கு முன்னால், பக்கத்து நட்சத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்து, அதன் வெளிச்சத்துக்குள் மங்கலாக இன்னொரு நட்சத்திரம் துணையாக ஒளிந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் உன் வேலை, அதை விட்டுவிட்டால் பிறகு போடுகிற கணக்கெல்லாம் தப்பாகும் என்று எழுதியிருந்தாய். வெளிச்சம் வந்து சேரவே இருபது வருஷம் ஆகிற இடத்தைப் பக்கம் என்கிறாயே, அந்தப் பக்கம் எந்தப் பக்கமோ. எட்டாவது படித்த எனக்குப் பாதிதான் புரிந்தது, அந்தப் பாதி போதுமாக இருந்தது. மாப்பிள்ளைப் பையன் சனிக்கிழமை தவறாமல் திட்டக்குடிக்குப் போகிறான் என்று ஒரு பேச்சு காதில் விழுந்திருந்தது. அங்கே என்ன ஒளிந்திருக்கிறதோ என்று எனக்குச் சந்தேகம்.

அம்மாவிடம் பல் வலி என்று சொல்லிவிட்டு வேப்பூருக்கு பஸ் ஏறினேன். பெண் பார்க்க மாணிக்கவேல் வரவில்லை, பையனின் மாமாதான் வந்திருந்தார், அதனால் மாணிக்கவேல் முகம் எனக்குத் தெரியாது. டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒருவரிடம், நான் பீங்கான் வியாபாரி என்று புளுகிவிட்டு, மாணிக்கவேல் பையன் எப்படிங்க, தொடுப்பு கிடுப்பு உண்டா என்று கேட்டேன். பையன் தங்கம், அவங்கப்பாதான் கொஞ்சம் கோவக்காரரு என்றார். டீக்கு அவரே காசு கொடுத்துவிட்டு எழுந்து, வாங்க சம்பந்தி, வூட்டுக்குப் போவலாம், போன வாரம் இன்சூரன்ஸ்காரன்னு சொல்லிக்கிட்டு உங்க பீங்கான் கம்பெனி கேட்டுல நானும் இப்படித்தான் விசாரிச்சேன், அப்பவே உங்களைப் பாத்துட்டேன் என்றாரே பார்க்கலாம். மண்ணைக் குழைத்து என்னையும் சூளையில் வைத்துவிடக் கூடாதா என்று இருந்தது.

திட்டக்குடிக்கு எதுக்குங்க என்றேன். குத்தகை நிலத்துல மோட்டாரு பாக்கப் போறான் என்றார். அவர் வீட்டுக் கொடியில் பையன் முதல் நாள் சனிக்கிழமை போட்டுப் போன சட்டை துவைக்காமல் தொங்கியது, ஒரு பொட்டு கிரீஸ் இல்லை. வீட்டுக்கு வந்து சொன்னால், நீ பல்லு வலிக்குப் போனது போதும்ப்பா, நானே கேட்டுக்கறேன் என்று பூர்ணிமா அந்தப் பையனுக்கே போன் போட்டுவிட்டாள். கோபக்கார அப்பாவுக்குத் தெரியாமல் கம்ப்யூட்டர் கிளாஸ் போகிறானாம். அவள் நம்பிவிட்டாள். நான் ரசீதைப் பார்த்தபிறகு நம்புவேன்.

ஆனால் அன்றைக்கு வேப்பூரில் மாணிக்கவேலும் என்னைச் சும்மா விடவில்லை. பெரிய பொண்ணுக்கு முப்பத்தொண்ணு ஆவுதாமே, அங்க தனியாத்தான் இருக்குதா, யாராச்சும் இருந்தா முன்னாடியே சொல்லிடுங்க, நாளைக்கு எங்க ஜனங்க கேப்பாங்க என்றார். அவளுக்கு நட்சத்திரம் பாக்கவே நேரம் பத்தலைங்க என்று சிரித்துச் சமாளித்தேன். வீட்டுக்கு வந்து நீ அனுப்பிய போட்டோவை எடுத்துப் பார்த்தேன். உன் மேஜையில் இரண்டு கப். இருபத்தாறு வருஷமாகக் கப்புக்குக் காது ஒட்டுகிறவன் நான். ஒன்றின் காது உன் வலது கைப் பக்கம், இன்னொன்றின் காது இடது கைக்காரர் எடுக்கிற பக்கம். யாராச்சும் சிநேகிதியா இருக்கும், உங்களுக்கு எதுலதான் சந்தேகம் இல்ல என்கிறாள் அம்மா. சிநேகிதிக்கு அவ்வளவு பெரிய கப்பா?

ஆடி முடிவதற்குள் பதில் சொல்கிறேன் என்று மாணிக்கவேலிடம் சொல்லியிருக்கிறேன். பூர்ணிமா கல்யாணம் உன் பதிலில் நிற்கிறது. எது உண்மையோ அதை எழுது, மறைத்துவிட்டுப் பிறகு தெரிந்தால் அவளுக்குத்தான் தலைகுனிவு. இன்னொன்றும் கேட்க வேண்டும். துணை இருக்கிற நட்சத்திரத்தைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுவோம் என்று எழுதியிருக்கிறாயே, அது என்ன தப்பு செய்தது?

வேளைக்குச் சாப்பிடு, குளிரில் தலைக்குக் கட்டிக்கொள். கொளஞ்சியப்பர் உன்னை நல்லபடியாக வைத்திருப்பார். பதில் போட மறந்தால் அவர் சந்நிதியில் உன் பேரில் பிராதுச் சீட்டு எழுதிக் கட்டிவிடுவேன்.

ஆசிகளுடன்,
உன் அப்பா
ராஜமாணிக்கம்

அம்மாவுக்கு இதுவரை சத்தமாகப் படித்துக் காட்டியாகிவிட்டது. இது அதற்கப்புறம் மடிப்பில் எழுதுவது. மாணிக்கவேல் கேட்டபோது வாய் வரைக்கும் வந்து, சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு: ஏழு வருஷமா எம்பொண்ணு தனியா உக்காந்து சோறு துன்றாளேன்னு இருக்கறேங்க, யாராச்சும் இருந்தா நல்லாருக்கும்.