ஐம்பத்திரண்டாவது நிமிஷத்துக் குரல்

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. கேஸ் சிலிண்டர் பதிய வேண்டும். மறந்தேன்.

சண்முகம் போன். "ரகு, நம்ம படத்த அனு யூடியூப்ல ஏத்திட்டா. ஆளுங்க பாக்காங்க. நீயும் பாரு."

அனு அவன் மகள். நம்ம படம் என்றால் நாங்கள் எடுத்த அந்த ஒரே படம். காட்டில் கால் ஒடிந்து தனியாக மாட்டிக்கொண்டவன், பின்னாலேயே ஒரு சிறுத்தை. இருபத்தைந்து வருஷம் ஆகிறது. அவன் இயக்கம், நான் ஒலிப்பதிவு. மொத்த யூனிட்டே ஒன்பது பேர். காடு என்பது முக்கால்வாசி அடையாற்றில் ஒரு பாழடைந்த பங்களாவின் தோப்பு.

பார்த்தவர்கள் எழுதியதில் சில:

"சிறுத்தை வருது வருதுன்னு கடைசி வரைக்கும் புதர் மட்டும்தான் ஆடுது." (ஆட்டியது நான். முதுகு பிடித்துக்கொண்டது.)

"அஞ்சு நாள் பட்டினி. ஆனா சட்டையில இஸ்திரி கலையல."

"காசே இல்லாம மிரட்டிட்டாங்கப்பா. ஆத்துல விழற சீன்ல எனக்கு மூச்சு நின்னுடுச்சு."

"52வது நிமிஷம், ஹெட்போன் போட்டுக் கேளுங்க. நடுக்காட்டுல ஒரு அம்மா சாப்பாடு வந்தாச்சுங்கறாங்க. ஹோம் டெலிவரி!"

கடைசியதற்குக் கீழே ஊரே சிரிக்கிறது. நானும் ஹெட்போன் போட்டேன். சன்னமாக, பூச்சிச் சத்தத்துக்கு அடியில். வசந்தா.

அவள் போய் நாலு வருஷம். அவள் குரல் வேறு எதிலும் இல்லை என்னிடம். ஊரார் குரலையெல்லாம் பதிவு செய்தவன், கட்டியவள் குரலை எடுத்து வைக்கவில்லை. மடையன்.

மதியம் சாப்பிடவில்லை. பசி இல்லை.

நவ. 5, புதன்

மழை விட்டது. பஸ்ஸில் தி.நகர். தீபாவளி முடிந்து சண்முகத்தின் ஜவுளிக்கடை காற்று வாங்குகிறது. கல்லாவில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருக்கிறான். ஒவ்வொரு கருத்தாக எனக்குப் படித்துக் காட்டினான். மூச்சு நின்ற ஆள் எழுதியதை மட்டும் மூன்று முறை. கழுத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு தோப்பில் ஓடித் திரிந்த அந்தப் பழைய சண்முகம் திரும்பி வந்த மாதிரி இருந்தது. பார்க்க அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

பிறகு 52க்கு வந்தான். முகம் சுருங்கிவிட்டது.

"அன்னைக்கும் தியேட்டர்ல இதுக்குத்தான சிரிச்சானுவ. அந்த பங்களா வாட்ச்மேன் சம்சாரம் எம் படத்தையே சாச்சுட்டா. அனுட்ட சொல்லிட்டேன். அந்தக் குரல உருவி எறிஞ்சிட்டு ஞாயித்துக்கெழம புதுசா ஏத்துவா. பழச அழிச்சிருவோம்."

வாட்ச்மேன் சம்சாரம் என்று அன்றைக்கு தியேட்டர் வாசலில் சொன்னவன் நான். பயத்தில் வாயில் வந்தது. தினமும் எல்லாருக்கும் சமைத்து, தூக்குகளோடு ஆட்டோவில் வந்தது வசந்தா. காட்டுச் சத்தம் தனியாக வாங்க வசதியில்லாமல் தோப்பில் பிடித்ததையே போட்டோம். மிக்ஸிங்கில் பத்து தடவை கேட்டிருப்பேன். அவள் குரல் என் காதில் விழவே இல்லை. நாள் முழுக்க வீட்டில் கேட்கிற குரல், அதை ஒரு சத்தமாகவே காது எடுத்துக்கொள்ளவில்லை.

படத்தை நாலு நாளில் தூக்கிவிட்டார்கள். சண்முகம் அப்பா கடைக்கே திரும்பினான். அதற்கப்புறம் படம் எடுக்கவில்லை.

இன்றும் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. காபி குடித்தேன், இரண்டு பனியன் கொடுத்தான், வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த இடத்தைப் போனில் பதிந்து வைத்துக்கொண்டாயிற்று. ஆனாலும் ஆறவில்லை. உருவி எறிவானாம்.

நவ. 7, வெள்ளி

பெசன்ட் நகர். ஊரூர் குப்பத்தில் ஆல்பர்ட்டைத் தேடிப் போனேன். ஹீரோவுக்குப் பதிலாக ஆற்றில் விழுந்தவன். வலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். தலையெல்லாம் நரைத்துவிட்டது.

"இன்னா சார், நம்ம படம் போன்ல கீது! பசங்க பாத்துக்கினே கீறானுங்க. அதுல சாப்புட கூப்டறது நம்ம வசந்தாக்கா தானே?"

"உனக்கு எப்படிடா தெரியும்?"

"அந்தக் கொரலு மறக்குமா சார்? தண்ணில குதிச்சு வெறச்சுப் போய் வருவேன். மொத தட்டு எனக்குத்தான் போடும்."

கண் கலங்கிவிட்டது. மணல் விழுந்தது என்றேன். நம்பவில்லை. மீன் கொடுத்தான், பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டேன்.

கிளம்புமுன் கரையில் நின்றே சண்முகத்துக்குப் போன் போட்டேன். "அது வாட்ச்மேன் சம்சாரம் இல்லடா. வசந்தா. அன்னைக்குப் பொய் சொன்னேன்." வைத்துவிட்டான்.

நவ. 8, சனி

மழை. கேஸ் பதிந்தேன். சண்முகம் போனை எடுக்கவில்லை, மூன்று முறை. கோபம் நியாயம்தான். பிஸ்கட், டீ.

நவ. 9, ஞாயிறு

வெயில். பதினொரு மணிக்கு அப்பாவும் மகளும் வீட்டுக்கே வந்து நிற்கிறார்கள். சண்முகம் என் முகத்தைப் பார்க்கவில்லை. அனு லேப்டாப்பைத் திறந்தாள்.

"மாமா, எடுக்கறதுக்காகக் குரலைத் தனியாப் பிரிச்சேன். அதுக்கு அப்புறம் இன்னும் ஏதோ பேசறாங்க. படத்துல அது கேக்காது."

பூச்சி இல்லை. காற்று இல்லை. சமையல்கட்டில் நிற்கிற மாதிரி வசந்தா. "ஏங்க, வாங்க. சாப்பாடு வந்தாச்சு." கொஞ்சம் இடைவெளி. பிறகு தாழ்ந்த குரலில், யாரிடமோ: "இது சண்முகம் அண்ணனுக்கு. வயித்துப் புண்ணோட அலையறாரு. காரமில்லாம தனியா வச்சிருக்கேன், யாரும் தொட்டுடாதீங்க."

சண்முகம் வேட்டி நுனியால் முகத்தை மூடிக்கொண்டான். "தங்கச்சிய என்னென்னல்லாம் ஏசிட்டேன்டா."

பிறகு அனுவிடம் சொன்னான். "ஒண்ணும் எடுக்க வேண்டாம். அப்படியே கெடக்கட்டும். சிரிக்கவன் சிரிச்சிட்டுப் போறான்." என்னைப் பார்த்து, "ஒன்ன அப்புறமா வச்சுக்கிடுதேன்."

அவர்கள் போன பிறகு மறுபடி போட்டேன். அண்ணனுக்குக் காரமில்லாமல். ஆல்பர்ட்டுக்கு முதல் தட்டு. எனக்கென்று தனியாக ஒன்றும் இல்லை. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. எனக்கு அந்த 'ஏங்க' மட்டும்தான். நாலு வருஷமாக என்னை யாரும் அப்படிக் கூப்பிடவில்லை.

மணி ஒன்றரை. ஆறாவது முறை. "ஏங்க, வாங்க. சாப்பாடு வந்தாச்சு."

எழுந்து போய் அரிசி களைந்தேன்.