பேக்கரி போர்டில் அப்பா எழுத்து

அன்புள்ள உங்களுக்கு,

நலம்தானே? இங்கே நாங்கள் நலம் என்று எழுத வந்தவள், எழுந்துபோய் அடுப்பை அணைத்தேனா என்று பார்த்துவிட்டு வந்தேன். அணைத்துத்தான் இருந்தது. இப்போதெல்லாம் ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை.

உங்கள் கையெழுத்தில் நான் செய்த எழுத்துரு நன்றாக ஓடுகிறது. "அழகா எழுதாதீங்க, அவசரத்துல கிறுக்குற மாதிரியே எழுதுங்க" என்று தாள் தாளாக எழுதி வாங்கினேனே, அது இப்போது கல்யாணப் பத்திரிகை, ஜூஸ் பாட்டில், துணிக்கடைப் பை எல்லாவற்றிலும் இருக்கிறது. தெரிந்தவர் கூப்பிடுவது போல இருக்கிறதாம். தலைப்புக்கு மட்டும் போடுங்கள், பத்தி பத்தியாகப் போட்டால் கண் வலிக்கும் என்று தொண்டை வற்றச் சொல்கிறேன். ஒரு பல் டாக்டர் போர்டு முழுக்க அதிலேயே அடித்துவிட்டார். பல் பிடுங்குவதை இவ்வளவு செல்லமாக யாரும் சொன்னதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை பள்ளி விட்டதும், அத்தையின் கையை உதறிவிட்டுப் பாப்பா கூட்டத்தில் காணாமல் போய்விட்டாள். அத்தை போனில் அழுதது அழுகையே இல்லை, அலறல். ஆபீசிலிருந்து எப்படி ஓடினேன் என்று தெரியாது. பாதி வழியில் ஒரு பேக்கரிக்காரர் கூப்பிட்டார். பாப்பாவின் அடையாள அட்டையில் என் நம்பரைப் பார்த்தாராம்.

போனால், மாவு மூட்டைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். "அப்பா உள்ளதான இருக்காரு, கூப்பிடுங்கன்னு அடம் புடிக்குதும்மா. அடுப்பு வரைக்கும் கூட்டிட்டுப் போய்க் காட்டிட்டேன், நம்ப மாட்டேங்குது" என்றார். வெளியே வந்து நிமிர்ந்து பார்த்தேன். புது போர்டு. உங்கள் எழுத்து.

ஊரெல்லாம் எழுதி வைத்துவிட்டு அப்பா வீட்டுக்கு மட்டும் வரவில்லை என்று நினைத்திருக்கிறாள்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "எம்புள்ள எழுதப்போறதில்ல. அவன் எழுத்துதான் உங்கிட்ட இருக்கே, நீயே ஒரு லெட்டர் அடிச்சுக் குடுத்துடேன். புள்ள மனசு ஆறட்டும்" என்றார். பெற்ற தாய் வாயிலிருந்து அப்படி வந்தது.

மறுநாள் ஆபீசில் அடித்தும் பார்த்தேன். 'செல்லக்குட்டிக்கு அப்பா எழுதுவது.' அப்படியே நீங்கள்தான். அடுத்த வரியில் நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை. முன்பெல்லாம் தெரியும். அழித்துவிட்டேன்.

பாப்பா இப்போது எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள். அவள் பெயருக்கே எழுதுங்கள், நான் பிரிக்க மாட்டேன். நம் சண்டை நம்மோடு இருக்கட்டும். சீக்கிரம் வருகிறேன் என்று மட்டும் சும்மா எழுதாதீர்கள், வாசலிலேயே உட்கார்ந்துவிடுவாள். வர மாட்டீர்கள் என்றால் அதையும் உங்கள் கையாலேயே எழுதிவிடுங்கள். அவளுக்கு எப்படிச் சொல்வது என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். எங்கிருந்தாலும் நன்றாக இருங்கள்.

இன்னும் உங்கள்,
மனைவி